பின்சீட்டு யாருக்கு

ஒரே முதுகைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமா? சின்னது அதைத்தான் செய்தாள். முன்னால் அக்கா, பின்னால் அவள். இருவர் கயாக் என்றால் அப்படித்தான்.

கயாக் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். துடுப்புப் படகு என்றதும் பூங்காவில் ஜோடி ஜோடியாகச் சுற்றுவார்களே, அதை நினைத்துவிடாதீர்கள். அப்படி யாராவது கேட்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது பந்தயக் கயாக். பஸ்ஸில் பாதி நீளம், அகலமோ இடுப்பு நுழைகிற அளவு. தெரியாமல் ஏறி உட்கார்ந்தால் அடுத்த மூச்சில் தண்ணீருக்குள் இருப்பீர்கள். போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டையான அலகு உள்ள துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டு, ஐந்நூறு மீட்டரை இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். முன்சீட்டுக்காரிதான் தாளம் வைப்பவள். படகைத் திருப்புகிற சுக்கானும் அவள் காலடியில்தான். பின்சீட்டுக்காரி அந்தத் தாளத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. ஆனால் பின்னால் இருப்பவளிடம் முன்னால் இருப்பவள் எதையும் ஒளிக்க முடியாது. அவள் களைப்பு, பயம், காலையில் வீட்டுக்காரரோடு போட்ட சண்டை வரைக்கும் படகு வழியாகவே வந்து சேர்ந்துவிடும்.

அந்தப் படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த வாட்ச்மேனுக்கும் அக்காதான். பின்சீட்டிலிருந்து சின்னது, "அக்கா, மெதுவா!", "அக்கா, முகத்துல தண்ணி அடிக்காதே!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயரை ஏரி முழுக்கப் பரப்பிவிட்டாள். தங்கைக்குச் சின்னது என்ற பெயரை வைத்தது அக்கா. வைத்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் பாருங்கள், அந்தச் சின்னது அக்காவைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்து நின்றது. பெயர் மட்டும் மாறவில்லை.

அக்கா இந்தத் தண்ணீருக்கு வந்த கதை வீராவேசமான கதை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டி என்றால் கடைசி இடம் அவளுக்கென்றே எழுதி வைத்திருந்தது. நீச்சல் வாத்தியார் கடைசியில் கை கழுவிவிட்டு, "தோள் நல்லா இருக்கு, கால்தான் சரியில்ல. பக்கத்துல கயாக் சொல்லித் தர்றாங்க, அங்க போய்ப் பாரு" என்றார். போனாள். முதல் மாசம் படகில் இருந்ததைவிடத் தண்ணீருக்குள் இருந்ததுதான் அதிகம். விழுவாள், ஏறுவாள், விழுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்த அம்மா, ஈரத் துணிகளைப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்து, "ஏண்டி, படகு ஓட்டக் கத்துக்கறியா, இல்ல முழுகக் கத்துக்கறியா?" என்று கேட்டாள். ஒரு நாள் அவள் விழவில்லை. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான், விட்டபாடில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொன்னால் பதக்கம் மாதிரி பளபளக்கும். நாட்டுக்காக எத்தனையோ ஏரிகளில், எத்தனையோ ஆறுகளில் துடுப்புப் போட்டாள். உலகப் போட்டியில் இறுதிச் சுற்றுக்குப் போனாள். தங்கையோடு சேர்ந்து ஐந்தாவதாக வந்தாள். சுருக்காமல் சொன்னால்தான் விஷயம் தெரியும். தோளில் ஒருமுறை அறுவை. விலா எலும்பில் விரிசல் என்று தெரிந்தும் டாக்டரிடம் "தும்மினப்போ வலிச்சுது, அவ்வளவுதான்" என்று புளுகிவிட்டு மறுநாளே படகேறியது. பனிக்காலத்தில் விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைத் தங்கை கழற்றிவிட வேண்டிய கதி. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. மத்தியானத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை. அந்தக் காய்ப்புக் கையால் லென்ஸைத் துடைத்தால் கீறிவிடுமோ என்று கடைக்காரருக்கு எப்போதும் ஒரு திகில். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். குழந்தை விஷயத்தில் 'இந்தப் போட்டி முடியட்டும்', 'அடுத்த போட்டி முடியட்டும்' என்று அவள் தள்ளிக்கொண்டே போனபோதும் வாயைத் திறந்து ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய போட்டி இருக்கிறதே, அதற்கு மட்டும் அவள் போனதே இல்லை. போன தடவை அக்காவும் சின்னதும் தகுதிச் சுற்றில் ஒரு மூக்கு நீளத்தில் மண்ணைக் கவ்வினார்கள். இப்போது அக்காவுக்கு முப்பத்து மூன்று. இந்த விளையாட்டில் அது கிழவி என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்க்கிற பார்வையில் தெரியும். இந்தத் தடவை இல்லையென்றால் இனி இல்லை. இது அவளுக்கும் தெரியும், படகுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுசு வந்து சேர்ந்தாள்.

வேறு ஒரு கிளப்பிலிருந்து வந்தவள். வந்த அன்றைக்கே யாரோ "இந்தப் புதுசு யாரு?" என்று கேட்க, அதுவே நிலைத்துவிட்டது. அதிகம் பேச மாட்டாள். துடுப்பைக் கையில் எடுத்தாளானால் படகுக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே ஈர ஜாக்கெட் உலர்த்திக்கொண்டிருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு பலம். ஒற்றையர் கயாக்கில் வந்த மாசமே சின்னதை முந்திவிட்டாள். சின்னதின் முகத்தில் ஈயாடவில்லை.

பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒரு காலைப் பயிற்சி முடிந்து அக்கா, சின்னது, புதுசு மூன்று பேரும் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும்போது, அவர் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழமை சீட்டுச் சோதனை. அக்கா முன்னாடி. பின்னாடி ஒரு ஓட்டம் புதுசு, ஒரு ஓட்டம் சின்னது. எந்தப் படகு வேகமோ அதுதான் தகுதிச் சுற்றுக்குப் போகும்."

அவ்வளவுதான். படகின் பின்முனையைத் தோளில் வைத்திருந்த சின்னது ஒரு கணம் நின்றுவிட்டாள். முன்முனையைப் பிடித்திருந்த அக்காவின் தோள் வெடுக்கென்று பின்னுக்கு இழுபட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை.

சீட்டுச் சோதனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டு ஓட்டத்திலும் முன்னால் இருப்பவள் ஒரே மாதிரி இழுத்தால்தான் அது சோதனை. அவள் நினைத்தால் ஒருத்தியைத் தூக்கிவிடலாம், ஒருத்தியைக் கவிழ்த்துவிடலாம். சுக்கானில் கால் கட்டை விரலை லேசாக அழுத்தினால் போதும், படகு தண்ணீரை உழும், வேகம் குறையும், கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆகவே அந்த வாரம் முழுக்க எல்லோரும் அக்காவின் காலையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். வியாழக்கிழமை குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"சோதனையாம் சோதனை! சுக்கான் யார் கால்ல இருக்கு? தங்கச்சிக்குத்தான் சீட்டு."

"பின்ன? கூடப் பொறந்தவளை விட்டுக் குடுத்துடுவாளா?"

அக்கா குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். தலைமுடியில் சோப்பு நுரை. வெளியே போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது உள்ளே இறங்கி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அம்மா போன் பண்ணினாள்.

"நாளைக்காமே? சின்னவ சொன்னா. நல்லா தூங்கினியா, சாப்பிட்டியான்னு கேட்டா எதுக்கும் பதில் சொல்ல மாட்டேங்கறா."

"நல்லாத்தாம்மா இருக்கா."

"அவளை விட்டுடாதடி. உன்னைப் பத்தி எனக்கு என்ன கவலை? நீ எங்க போட்டாலும் மிதப்ப. அவதான் மனசு உடைஞ்சா எந்திரிக்க மாட்டா."

"அம்மா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இழுக்கணும்."

"நான் என்ன ஏமாத்தவா சொன்னேன்? பாத்துக்கோன்னேன்."

'பாத்துக்கோ' என்ற அந்த ஒரு வார்த்தையை அக்கா மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் போனை வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாஸ்டர் மோட்டார் படகில் ஏறிக்கொண்டு, "முதல்ல புதுசு. அப்புறம் அரை மணி நேரம் ஓய்வு. அப்புறம் சின்னது" என்றார். புதுசு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ரெடிக்கா" என்றாள் மெதுவாக. அக்கா தன் காலைக் கவனித்துக்கொண்டாள். சுக்கானை நேராகப் பிடித்தாள். ஏய் கால்களா, துரோகம் பண்ணிவிடாதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மாஸ்டர் விசில் ஊதியதும் இழுத்தாள். எப்படி இழுத்தாள் என்கிறீர்கள்! குளியலறையில் பேசிய அந்த இரண்டு வாயும் அடைத்துப்போக வேண்டும் என்று இழுத்தாள். தங்கைக்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தாள் என்று எந்த நாக்கும் பேசிவிடக் கூடாது என்று இழுத்தாள். கடைசி நூறு மீட்டரில் கண் இருட்டியது, அப்போதும் விடவில்லை. படகு பறந்தது. முடிந்ததும் துறை மேடையில் தவழ்ந்து ஏறி, ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். கொட்டகை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு.

சின்னதும் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துத் தங்கையோடு ஓட்டம். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பத்து வருஷப் பழக்கம், துடுப்பு இரண்டும் ஒன்றாக விழுந்தன. பாதி தூரம் தாண்டியதும் அக்கா காலால் அழுத்தினாள். அங்கே கால் இல்லை. இருந்ததையெல்லாம் முதல் ஓட்டத்திலேயே கொட்டிவிட்டிருந்தாள். பல்லைக் கடித்தாள், நாக்கு தள்ளியது, கை போனது, இடுப்பு திரும்ப மறுத்தது. பின்னாலிருந்து சின்னது இரண்டு பேருடைய பாரத்தையும் சேர்த்து இழுப்பது அவளுக்கே தெரிந்தது. "அக்கா!" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாகப் போ என்று சொல்லும் அந்தப் பழைய கூப்பாடு இல்லை அது.

மாஸ்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு, "புதுசு" என்றார். வித்தியாசம் கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தானே.

உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்னது ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அக்கா போய் எதிரில் நின்றாள்.

"சின்னது, நான் சுக்கானைத் தொடவே இல்ல. சத்தியமா சொல்றேன்."

"தெரியும்."

"ரெண்டு தடவையும் நேரா..."

"தெரியும்னு சொல்றேன்ல! பின்னாடி உக்காந்திருந்தது நான்தான்." சின்னது தலையைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்தப் பத்து வருஷத்துல என்னைக்காவது எனக்காக வாந்தி எடுக்கற அளவுக்கு இழுத்திருக்கியா?"

அக்கா பத்து வருஷத்தையும் மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

"அவளுக்கு இழுத்த. ஊர் வாயை மூடணும்னு இழுத்த. எனக்கு மிச்சம் மீதியைக் கொண்டுவந்து போட்ட. நீ நியாயமானவன்னு நாலு பேரு சொல்லணும், அதுக்கு என் சீட்டு செலவாயிடுச்சு. ஏமாத்தியிருந்தாக்கூடத் திட்டிட்டுப் போயிருப்பேன். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"நான் வேணும்னு பண்ணலடி..."

"வேணும்னு பண்ணலதான். அதைத்தான் சொல்றேன்." ஷூவைப் பையில் திணித்துவிட்டு எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பினாள். "இன்னொண்ணு. என் சீட்டைச் சோதிச்சாங்க, புதுசைச் சோதிச்சாங்க. உன் சீட்டை மட்டும் ஏன் யாருமே கேக்கல?"

கதவு அடித்துச் சாத்திய சத்தத்தில் ஆணியில் தொங்கிய ஜாக்கெட் ஒன்று கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்து மாட்டினாள். மறுபடி விழுந்தது. விட்டுவிட்டாள்.

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. பொய் சொல்வானேன், முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, கோபம்தான். முன்சீட்டு என்றால் என்ன விளையாட்டா? பத்து வருஷம் காற்றையும் அலையையும் முதலில் நெஞ்சில் வாங்கியவள் யார்? உட்கார்ந்து பார்க்கட்டும், அப்போது தெரியும்! இந்தக் கோபத்தோடுதான் ஈரத் தலையோடு மாஸ்டரின் அறைக்குள் போய் நின்றாள்.

"மாஸ்டர், சோதனை சரியில்ல. முதல் ஓட்டத்துலயே நான் செத்துட்டேன். ரெண்டாவதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அதனால? தங்கச்சிக்கு மறுபடி ஒரு ஓட்டமா?" மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "வெளியில என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா? புதுசு சும்மா இருப்பாளா?"

"புதுசு சீட்டை யாரும் தொட வேணாம். அவ எப்படியும் வேகம்தான், பின்னாடி இருக்கட்டும். முன்சீட்டைச் சோதிங்க. ஒரு ஓட்டம் நான் முன்னாடி, ஒரு ஓட்டம் சின்னது முன்னாடி."

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். "உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? முன்சீட்டு உன்னோடது."

"யாரு சொன்னது?"

"பத்து வருஷமா நீதானே..."

"அதான் கேக்கறேன்."

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இவள் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா? "செவ்வாய்க்கிழமை" என்றார் கடைசியில். "அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஜெயிச்சுட்டு வந்தவதானே நீ? ஓடற பஸ்ஸை நிறுத்தி, பின்னாடி உக்காந்திருக்கறவங்களைக் கூப்பிட்டு, ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பாக்கறீங்களான்னு கேட்ட கதையா இருக்கே!" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிப்பை விட்டுவிட்டு, "தோத்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"தோக்க மாட்டேன்" என்றாள். அப்படித்தான் நம்பினாள். தான் தோற்போம் என்று ஒரு கணம் தோன்றியிருந்தால் மாஸ்டர் அறைக்குள் போயிருப்பாளா என்பது சந்தேகம்தான். அம்மாவிடம் செவ்வாய்க்கிழமை மறுபடி சோதனை என்று மட்டும் சொன்னாள், எந்தச் சீட்டுக்கு என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை. மாஸ்டர் அக்காவைத்தான் முதலில் ஓடச் சொன்னார். பாசமோ என்னவோ. இரண்டு ஓட்டத்திலும் பின்சீட்டில் புதுசுதான். ஆக, இரண்டாவது ஓட்டத்தில் களைத்துப்போனவள் ஒருத்தி சின்னதுக்குப் பின்னால் இருப்பாள். அக்காவுக்கு அது புரிந்தது. சின்னதுக்கும் புரிந்தது. "பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் தோளைச் சுழற்றிக்கொண்டு தள்ளி நின்றாள்.

அக்கா ஓடினாள். இந்தத் தடவை யார் வாயையும் அடைக்க இழுக்கவில்லை. கற்ற வித்தையெல்லாம் காட்டினாள். புதுசும் துளி கஞ்சத்தனம் இல்லாமல் பின்னாலிருந்து உந்தினாள். சுத்தமான ஓட்டம். இதைவிட நன்றாக அவளால் முடியாது. முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்ப பாக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த ஓட்டத்துக்கு அவள் மாஸ்டரோடு மோட்டார் படகில் ஏறிக்கொண்டாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். விசில் ஊதியது. கயாக் கிளம்பியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. துடுப்புப் போடும்போது தங்கையின் முகம் எப்படி இருக்கும் என்று அவள் இதுவரை பார்த்ததே இல்லை. எப்போதும் அந்த முகம் அவள் முதுகுக்குப் பின்னால்தானே இருந்தது! உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணை முடிவுக் கோட்டில் நட்டு, சின்னது வந்தாள். தாளம் அக்காவின் தாளம் இல்லை. கொஞ்சம் நிதானம், ஆனால் ஒவ்வொரு போடும் நீளம். அந்த உயரமும் கையும் இத்தனை நாள் அக்காவின் குட்டைத் தாளத்துக்காக மடங்கிக் கிடந்திருக்கின்றன. பாதி தூரத்தில் புதுசு களைப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். புதுசு களைக்கவில்லை. அந்த நீளத் தாளத்தில் அவளுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருந்தது. கடைசி நூறு மீட்டரில் கயாக் மூக்கைத் தூக்கிக்கொண்டு மோட்டார் படகையே திணற வைத்தது.

அக்காவின் கை போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 'போடி, போடி' என்று உதடு முணுமுணுத்தது. 'தோத்துடு, தோத்துடு' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டும் அவள்தான்.

ஓட்டம் முடிந்தது. மாஸ்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு, கயாக் பக்கத்தில் மிதந்து வரும் வரை காத்திருந்தார்.

"காத்து" என்றார். "பின்னாலேர்ந்து அடிச்சுது. இந்த ஓட்டம் கணக்குல வராது. முன்சீட்டு அக்காவுக்கே."

புதுசு துடுப்பைக் குறுக்கே வைத்துக் குனிந்துகொண்டாள். சின்னது மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் உடை மாற்றும் அறையில் இருந்த கோபம் ஒரு பொட்டும் இல்லை. பயம்தான் இருந்தது. ஜெயித்துவிட்டோமே என்ற பயம்.

"ஆமா மாஸ்டர்" என்றாள் சின்னது. "காத்து இருந்துச்சு. கழுத்துல பட்டுச்சு."

அக்கா மோட்டார் படகின் பின்னால் கட்டியிருந்த சின்னக் கொடியைப் பார்த்தாள். அது துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஏரி முழுக்க ஒரு சுருக்கம் இல்லை. ஒரு தலையாட்டல் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். மாஸ்டர் வழி விட்டுவிட்டார், தங்கை விட்டுக்கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டிவிட்டால் பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்றில் அவள்தான் முன்னால். ஆசை வந்தது. ஐயோ, எப்படி வந்தது!

"எங்கடி காத்து?" என்றாள். குரல் உடைந்தது, அதைக் கோபத்தால் மூடிக்கொண்டாள். "பொய் சொல்லாத. எனக்கு நீ ஒண்ணும் பிச்சை போட வேணாம்."

"அக்கா..."

"மாஸ்டர், கொடியைப் பாருங்க."

"யோசிச்சு சொல்லு" என்றார் மாஸ்டர் தணிந்த குரலில். "இதை நான் ஒருதடவை எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"பாருங்க மாஸ்டர்."

மாஸ்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். சின்னது துடுப்பின் மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் அசைந்ததில் படகு ஆடியது. கவிழாமல் புதுசுதான் பின்னாலிருந்து சமாளித்தாள். "அழாதடி, கவுந்துடுவ" என்று அக்கா அதட்டினாள். அதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் மற்றவர்கள் கொட்டகைக்குள் போனார்கள். அக்கா மட்டும் துறை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பைக்குள் போன் அதிர்ந்தது. அம்மா.

"முடிஞ்சுதாடி? என்னாச்சு? சின்னவளுக்குக் கெடைச்சுதா?"

"கெடைச்சுடுச்சும்மா."

"அப்பாடா! எனக்குத் தெரியும், நீ விட மாட்டேன்னு தெரியும்." அம்மா யாரிடமோ திரும்பிச் சொல்வதும், தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே அவர்கள் சந்தோஷப்படுவதும் கேட்டது. "பின்சீட்டு அவளுக்கே வந்துடுச்சுல்ல? எங்க அவ? குடு பேசறேன்."

"பின்சீட்டு இல்லம்மா. புதுசு பின்னாடி. சின்னது முன்சீட்டுல."

"முன்சீட்டுலயா?" அம்மா சிரித்தாள். "முன்சீட்டுல நீதானேடி?"

போனில் தையல் இயந்திரம் ஒன்று ஓடி நின்றது. அம்மாவின் சிரிப்பும் நின்றது.

"ஏய். அப்ப நீ எங்கடி உக்காருவ?"

ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று அக்கா வாயைத் திறந்தாள். அம்மாவிடம் எப்போதும் அப்படித்தான் சொல்லுவாள். இப்போது ஒன்றும் வரவில்லை.

"அம்மா, நான் கொஞ்ச நேரம் அழுதுக்கறேன்" என்றாள். "போனை வச்சுடாத."

"வைக்கலடி" என்றாள் அம்மா. "அழு."